உள்ளறைக்காரி

"ஊசிக்குன்னு பிள்ளையை இனி கூட்டிட்டு வரமாட்டேன். ஒரு தடவை கூட்டிட்டு வந்ததே போதும்..."

"முழுசா கேளுடி, அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னா..."

"படிச்சேன். நாலு தடவை படிச்சேன். 'தங்கள் குழந்தைக்கு அளிக்கப்பட்டது ஒப்பீட்டுத் தடுப்பூசி.' ஒப்பீடாம் ஒப்பீடு! யாரோட ஒப்பிட்டாங்க? காது கேக்குற பிள்ளைங்களோடவா?"

"கத்தாத. பிள்ளை இருக்கான்."

"கத்தினா என்ன? அவனுக்குக் கேட்டுடுமா?"

அக்கா மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். தங்கை கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வீசினாள். அது பள்ளிச் சட்டைக் காலர்களின் குவியலில் போய் விழுந்தது. மெஷினுக்குக் கீழே ஏழு வயதுப் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினின் இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்திருந்தான். மெஷின் ஓடும்போது அந்த நடுக்கம் அவன் கைக்கு வரும், சிரிப்பான். நின்றுபோனால் இரும்பை இரண்டு தட்டு தட்டுவான். இப்போது தட்டினான். கூடவே ஒரு சீட்டி அடித்தான்.

அவனை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பல் இரண்டும் விழுந்த நாளிலிருந்து அந்தச் சந்து வழியே சீட்டி அடிக்கப் பழகிக்கொண்டவன். பல் முளைத்தும் பழக்கம் போகவில்லை, காது போயும் போகவில்லை. முன்பெல்லாம் பாட்டுக்கு ஏற்ற மாதிரி அடிப்பான். இப்போது எவ்வளவு சத்தம் என்று அவனுக்கே தெரியாது. சுவர் அதிர்ந்தது.

"இரு தங்கம், இரு. ஓட்டுறேன்" என்று தங்கை அவன் முகத்துக்கு நேரே உதட்டை விரித்துச் சொன்னாள். ஒரு காலரை எடுத்து வெறுமனே ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே, இப்போது தணிந்த குரலில் பேசினாள்.

"சோதனை நல்லா முடிஞ்சுடுச்சு, மருந்து நல்ல மருந்துதான், அதனால இப்ப இவனுக்கும் இலவசமா போடுறோம்னு எழுதியிருக்காங்க. வீடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் தண்ணி வண்டி அனுப்புறாங்க."

"மூளைக்காய்ச்சல் ஒரு தடவை வந்தா திரும்ப வராதுன்னு இல்லடி. கிருமியில பல வகை இருக்கு. இவனுக்கு வந்தது ஒரு வகை. மிச்சம் வெளியிலதான் சுத்திக்கிட்டிருக்கு."

"சுத்தட்டும். இனிமே எடுத்துட்டுப் போக இவன்கிட்ட என்ன இருக்கு?"

"உயிர் இருக்கு."

மெஷின் நின்றது. கீழிருந்து இரண்டு தட்டு.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்மேல எனக்குக் கோபம் இல்லக்கா. யார் மேலயும் இல்ல. ரெண்டு மருந்துல எது எந்தப் பிள்ளைக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்ன, பெரிய டாக்டருக்கே தெரியாதுன்னு? அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன். சீட்டு எடுத்தோம், நமக்குக் கெட்ட சீட்டு வந்துச்சு. தெரிஞ்சே யாரும் செய்யல. தெரிஞ்சு ஒருத்தர் சும்மா இருந்திருந்தா... அவங்களை நான் மனுஷ ஜென்மமாவே மதிச்சிருக்க மாட்டேன்."

அக்கா குனிந்து, விழாத காலர் ஒன்றை எடுத்து அடுக்கினாள்.

ஏனென்றால் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அது அவள்தான்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஆய்வு அந்த ஊரில் தொடங்கியபோது, இருபத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்த அவளை உள்ளறைக்கு எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்குப் புது மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு டைபாய்டுத் தடுப்பூசி. ஊசி போடுகிற நெட்டையனுக்கும் தெரியக்கூடாது, தாய்க்கும் தெரியக்கூடாது, காய்ச்சல் வந்தால் பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும்; கணக்கு கெட்டுவிடும். ஆனால் டைபாய்டு மருந்து குப்பியிலேயே தண்ணீராக இருக்கும். புது மருந்தோ வெள்ளைப் பொடி. அதில் நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைக்க வேண்டும். ஆக, கரைக்கிற ஒருத்திக்குத் தெரியாமல் முடியாது. அந்த ஒருத்தியைக் கதவைப் பூட்டி உள்ளே வைத்தார்கள். சுவரில் ஒரு சிறிய சன்னல். வெளியிலிருந்து சீட்டு வரும், சீட்டில் எண் இருக்கும். அவள் பட்டியலைப் பார்த்து மருந்தை ஏற்றி, ஊசிக்குழலை வெள்ளை டேப்பால் சுற்றி, வெளியே நீட்டுவாள். அவ்வளவுதான் வேலை.

கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: வீட்டில் சொல்லக்கூடாது, கனவில்கூட உளறக்கூடாது. "உள்ளறைக்காரி கல்யாணம் ஆகாம இருக்கிறதே நல்லதாப் போச்சு, தூக்கத்துல உளறினாலும் கேக்க ஆளில்ல" என்று நெட்டையன் கேலி செய்வான். "உன் உயரத்துக்கு நீ சன்னலுக்கு மேலேயே எட்டிப் பாத்துடுவ, முதல்ல உன்னைக் கட்டிப்போடணும்" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

தங்கையிடம், "நான் மருந்து ஃபிரிட்ஜைப் பாத்துக்கிறேன்" என்றாள். அது பொய் இல்லை. ஃபிரிட்ஜையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

பையனைச் சேர்க்கச் சொன்னவளும் அவள்தான். எந்த மருந்து விழுந்தாலும் நஷ்டமில்லை, டைபாய்டும் நல்ல ஊசிதான், காய்ச்சல் வந்தால் ஓடிவந்து பார்க்க ஆள் இருக்கும் என்றாள். அத்தனையும் நிஜம். "என் தங்கச்சி பையன் வர்றான், அன்னிக்கு வேற யாரையாவது உள்ள வைங்க" என்று மேலாளரிடம் முறைப்படி சொல்லவும் சொன்னாள்.

"வேற யாருக்கு இந்தப் பயிற்சி இருக்கு?" என்றார் மேலாளர். "பேரா உள்ள வருது? எண்தானே வருது. முகத்தைப் பாக்கப்போறீங்களா என்ன?"

முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சீட்டி கேட்டது. விழுந்த பல் சந்தில் வருகிற சீட்டி, ஊரிலேயே ஒன்றுதான். "பெரியம்மா உள்ளயா இருக்காங்க? பெரியம்மா!" "ஷ், சத்தம் போடாத, பெரியம்மா வேலையா இருக்காங்க." அந்த நேரத்தில் கையில் இருந்த சீட்டின் எண்ணைப் பட்டியலில் தேடினாள். விரல் போய் நின்ற இடத்தில் டைபாய்டு.

காதை எப்படிப் பொத்துவது என்று மட்டும் அந்த விதிப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

பட்டியலில் இருப்பதைத்தான் ஏற்றினாள். டேப்பைச் சுற்றினாள். நீட்டினாள். வெளியே ஒரு அழுகை, ஒரு மிட்டாய், மறுபடி சீட்டி.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த எண் அவளுக்குள்ளேயே கிடந்தது. காற்று வறண்டு தூசி பறக்கிற மாதங்கள் வந்தன. அப்போதுதான் அந்தக் காய்ச்சல் ஊருக்குள் நுழையும். முதல் வாரத்தில் இரண்டு பிள்ளைகள், அடுத்த வாரத்தில் ஐந்து.

அந்த நாள் காலை பதினொரு மணி இருக்கும். வெளியறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் உட்கார்ந்து தாள் தாளாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவள் கலக்கும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா, விசிலுக்கு உடம்பு கொதிக்குது. தலைவலிங்கிறான். சன்னலைச் சாத்து, வெளிச்சம் குத்துதுங்கிறான்."

"கழுத்தைக் குனியச் சொன்னியா?"

"சொன்னா அழுறான். அடம். ஏன்க்கா, அந்தக் காய்ச்சலா இருக்குமோ? இருக்காதில்ல? அதான் ஊசி போட்டாச்சே."

சன்னலின் அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் தாளைப் புரட்டுகிற சத்தம்.

பயிற்சியில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாத் தாய்க்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். ஒருத்திக்கு அழுத்திச் சொன்னால், அவள் பிள்ளைக்கு எது போட்டது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அழுத்தக்கூடாது. அந்த வாக்கியம் தானாக வந்தது.

"எந்த ஊசி போட்டிருந்தாலும் சரி, காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரணும்."

எதிர்முனையில் தங்கை சிரித்தாள். "இது எல்லாருக்கும் ஒப்பிக்கிறதுதானே? அட்டையிலயே அச்சடிச்சிருக்கு. உன் வாய்ப்பாடு எனக்குத் தெரியாதா? மாத்திரை குடுத்திருக்கேன். பள்ளிக்கூடத்துக்கு நாளைக்குச் சட்டை குடுக்கணும், சாயங்காலம் பாத்துட்டு வர்றேன்."

"இப்பவே வா."

"வர்றேன், வர்றேன்."

அக்கா பையைத் தோளில் மாட்டினாள். தங்கை வீடு பஸ்ஸில் மூன்று நிறுத்தம். கதவுவரை போனாள். நின்றாள். மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தபோதெல்லாம் அவள் ஓடியதில்லை. இப்போது ஓடினால், ஏன் ஓடி வந்தாள் என்று தங்கை கேட்பாள். வாயைத் திறக்காமலேயே அந்த ஓட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆய்வு வண்டியை அனுப்பச் சொன்னால் கண்காணிப்பாளர் தலையைத் தூக்கி, "இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்பார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

நாலு மணிக்கு அக்காவே போனில் கூப்பிட்டாள். "தூங்குறான்க்கா. அசந்து தூங்குறான். காய்ச்சல் இறங்குற மாதிரி இருக்கு, எழுப்ப வேண்டாம்" என்றாள் தங்கை. அவள் மறுபடி அதே வாக்கியத்தைச் சொன்னாள். தங்கை மறுபடி சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி. தண்டுவடத்து நீர் கலங்கி வந்தது; அதே காய்ச்சல்தான். பிள்ளை பிழைத்தான். மூன்றாவது வாரம், தங்கை அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டாள். அவன் திரும்பவில்லை.

ஒரு பகல் முன்னால் வந்திருந்தால் காது தங்கியிருக்குமா? டாக்டரிடம் யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொல்ல முடியாது" என்றார் அவர். அந்தப் பதிலில் சாய்ந்துகொள்ளவும் முடியவில்லை, விழவும் முடியவில்லை.

முடிவு வந்த நாளில் மையத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும். பெரிய டாக்டர் நல்ல மனிதர். ஒவ்வொரு பிள்ளை படுத்தபோதும் கட்டிலோரம் நின்றவர். தாளை எடுத்து வாசித்தார்.

"முதல்ல பாதுகாப்பு. கைவலி, வீக்கம், ஒருநாள் காய்ச்சல். மருந்தால அதுக்கு மேல ஒண்ணுமில்ல. அடுத்தது பலன். டைபாய்டு ஊசி போட்ட பக்கம் மூளைக்காய்ச்சல் பத்தொன்பது பேருக்கு. புது மருந்து போட்ட பக்கம்..." நிறுத்தினார். "ஒண்ணு."

கைதட்டல். நெட்டையன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "பத்தொன்பதுக்கு ஒண்ணு! உங்க உள்ளங்கை ராசிக்கா!"

நல்ல மருந்துதான். அது அவளுக்குத்தான் முதலில் தெரியும். வார்டில் படுத்த எண்களையெல்லாம் மனதுக்குள் அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். இனி எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தாய்கள் தட்டைக் கீழே போட்டுப் பார்க்க வேண்டியிருக்காது. அதை நிரூபிக்கப் பத்தொன்பது பேர் தேவைப்பட்டார்கள். பதினெட்டாக இருந்தாலும் மருந்து ஜெயித்திருக்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. கடித்த பிஸ்கட்டை டீத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இன்னொரு விஷயம்" என்றார் பெரிய டாக்டர். "முழு ஆய்விலும் உள்ளறையிலிருந்து ஒரு சொல்கூட வெளியே கசியல. கண்காணிப்பாளர் அதைத் தனியா எழுதியிருக்கார்." மறுபடி கைதட்டல். அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

இதெல்லாம் முடிந்துதான் வீடு வீடாகக் கடிதம் போனது. தங்கை மெஷின் மேல் வீசியது அந்தக் கடிதத்தைத்தான்.

சண்டை போட்ட மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். "நீ சொன்ன மாதிரி உயிராவது மிஞ்சட்டும். போட்டுடலாம்."

"வியாழக்கிழமை வா" என்றாள் அக்கா சட்டென்று. வியாழன் அவளுக்கு விடுமுறை.

தங்கை புதன்கிழமையே வந்துவிட்டாள்.

"வியாழன்னுதானே சொன்னேன்?"

"நீ வியாழக்கிழமை இங்க இருக்கமாட்டேன்னு நெட்டை அண்ணன் போன்ல சொன்னாரு. உன் கையால போடணும்னுதான் இன்னிக்கே கூட்டிட்டு வந்தேன். போன தடவை யார் யாரோ போட்டாங்க. இந்தத் தடவை நீ போடு."

மறைக்க எதுவும் இல்லாததால் உள்ளறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சன்னலுக்கு எதிரே யாரோ துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். டேப் சுருள் இழுப்பறைக்குள் போய்விட்டது. பெஞ்சில் பிள்ளைகள். புது மருந்து கிடைத்த பிள்ளைகளுக்கு இப்போது டைபாய்டு, டைபாய்டு கிடைத்தவர்களுக்குப் புது மருந்து. எல்லோருக்கும் எல்லாமும். எல்லாமே தாயின் கண்ணெதிரில்.

விசிலுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். அவளுக்கு டைபாய்டு. அக்கா ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தாள், மூடியில் ஊசியைக் குத்தினாள், உறிஞ்சினாள், போட்டாள். பஞ்சு வைத்து, "ஆச்சு, சமர்த்து" என்று அனுப்பினாள். கை தன் பழக்கத்தில் செய்தது.

"வா ராஜா" என்று பையனை மடியோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள். தங்கை பக்கத்தில் நின்றாள். அக்கா வெள்ளைப் பொடி இருந்த குப்பியை எடுத்தாள். நீரை ஏற்றினாள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டத் தொடங்கினாள். பொடி புகையாகச் சுழன்று, கரைந்து, காணாமல் போயிற்று. பையன் கண்ணை அகல விரித்துப் பார்த்தான். வித்தை காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மகிழ்ச்சியில் ஒரு சீட்டி அடித்தான். வரிசையே திடுக்கிட்டுத் திரும்பியது.

தங்கையும் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "இதென்னக்கா, அந்தப் பொண்ணுக்கு உருட்டவே இல்ல? இவனுக்கு மட்டும் ஸ்பெஷலா?"

அக்கா ஊசியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த நெட்டையன்தான் நிமிர்ந்தான். இனி இதில் ரகசியம் ஏது? எல்லோருக்கும் சொல்வதுபோல் உற்சாகமாகச் சொன்னான்.

"அது தண்ணி மருந்தும்மா, இது பொடி மருந்து. பாத்தாலே தெரிஞ்சுடும். அதனாலதான் ரெண்டு வருஷமா உங்க அக்காவை உள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தோம். எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாம் உங்க அக்காவுக்குத்தான் அத்துப்படி. ஒரு வார்த்தை? ம்ஹூம்! பாராட்டே எழுதிக் குடுத்திருக்காங்க, பாக்கலையா? அதோ, சுவத்துல."

தங்கை சுவரைப் பார்த்தாள். பாராட்டுத் தாள் சட்டம் போட்டுத் தொங்கியது. சட்டத்திலிருந்து துடைப்பம் சாத்திய சன்னலைப் பார்த்தாள். அந்தச் சன்னல் எவ்வளவு சிறியது, அதன் வழியே எவ்வளவு கேட்கும் என்று அளப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசை. மேசைக்கு மேல் ஆணியில் அக்காவின் பை தொங்கியது. அதற்கும் பக்கத்தில், சுவரோடு, தொலைபேசி.

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"போடுங்கக்கா, வரிசை நிக்குது" என்றான் நெட்டையன்.

அக்கா பையனின் கையைத் துடைத்தாள். ஊசி ஏறும்போது அவன் முகத்தைச் சுளித்தான், அழவில்லை. பஞ்சை வைத்து அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்க மனம் வராமல், இரத்தம் நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

தங்கை குனிந்து அந்த விரலைப் பிள்ளையின் கையிலிருந்து மெதுவாக எடுத்து விலக்கினாள். மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கனம், ஆனாலும் தூக்கினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவால் தாங்கியிருக்க முடியும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்போ நீ இந்த மேசைகிட்டதானே நின்னுட்டிருந்த, அக்கா?"